வூஸ்டர் நகரின் கல்லறைத் தோட்டம்

வரலாற்றைக் கற்க விரும்புவோர் கோட்டைகளையும் கோயில்களையும் தேடிச் செல்வர். கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் படித்து ஆராய்வர். இறந்தோர் துயிலும் இடங்களை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. நம் ஊர்களில் சுடுகாடும் இடுகாடும் ஊருக்கு அப்பால் ஒதுங்கிக் கிடப்பவை. சடங்கு முடிந்ததும் திரும்பிப் பாராமல் வீடு வந்து சேர்வதே நம் வழக்கம். ஆயினும் போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதிற் பொறித்து வைத்த மரபும் நமக்கு உண்டு. தருமபுரி, செங்கம் பகுதிகளில் கிடைத்துள்ள நடுகற்கள் இதற்குச் சான்றாகும். ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் ஒரு கல்லில் சில சொற்களுக்குள் அடக்குவது எளிய செயலன்று. எதை எழுதுவது, எதை விட்டுவிடுவது என்று யாரேனும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்னும் நகரம் இருக்கிறது. அந்நகரில் 1838ஆம் ஆண்டில் தோன்றிய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 'நாட்டுப்புறக் கல்லறைத் தோட்டம்' என்பதே அதன் பெயர். மாநில ஆளுநர், அச்சுத்தொழில் வல்லுநர், வரலாற்றாசிரியர், நகரத்தை அமைத்த அறிஞர் எனப் பலர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவர்களிடையே ஒரு மருத்துவரும் துயில்கிறார். அவருடைய கல்லறையின் மேல் ஆங்கில எழுத்துகளில் 'தமிழர்' என்னும் சொல் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் வழங்கும் நிலத்திலிருந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவில், பனி பொழியும் அந்நாட்டில், நம் மக்களின் பெயர் ஒரு கல்லறையில் இடம்பெற்றது எவ்வாறு? அதை அறிய, முதலில் அந்தத் தோட்டத்தின் கதையை அறிதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இறந்தோரைத் தேவாலயத்தின் அடித்தளத்திலோ, அதை அடுத்த சிறு முற்றத்திலோ, ஊர் நடுவே இருந்த பொது இடுகாட்டிலோ புதைத்து வந்தனர். மக்கள்தொகை பெருகியது, நிலமோ பெருகவில்லை. புதைத்த இடத்திலேயே மறுபடியும் தோண்டிப் புதைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. பழைய எலும்புகள் வெளிப்பட்டன. கற்கள் சாய்ந்தும் உடைந்தும் கிடந்தன. இத்தகைய இடங்களிலிருந்து கிளம்பும் தீய காற்றே கொள்ளை நோய்களுக்குக் காரணம் என்று அக்கால மருத்துவர்கள் எண்ணினர். நோய்க் கிருமிகளைப் பற்றிய அறிவு அன்று வளர்ந்திருக்கவில்லை. அவர்கள் கூறிய காரணம் பிழையாயினும், ஊர் நடுவே இறந்தோரை நெருக்கிப் புதைப்பது தகாது என்னும் முடிவு நன்மையே பயந்தது.

1804ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் அன்றைய எல்லைக்கு வெளியே, ஒரு குன்றின் சரிவில், பேர் லாஷேஸ் என்னும் கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டது. மரங்கள் அடர்ந்த அந்தத் தோட்டத்தின் புகழ் கடல் கடந்து பரவியது. பாஸ்டன் நகரில் ஜேக்கப் பிகலோ என்னும் மருத்துவர் இருந்தார். தாவர நூலிலும் அவர் வல்லவர். நகருக்கு வெளியே இயற்கை எழில் வாய்ந்த இடத்தில் கல்லறைத் தோட்டம் அமைக்க வேண்டும் என்று 1825ஆம் ஆண்டு முதல் அவர் முயன்று வந்தார். மாசசூசெட்ஸ் தோட்டக்கலைக் கழகம் அவருக்குத் துணை நின்றது. அதன் பயனாக 1831ஆம் ஆண்டில், பாஸ்டனுக்கு அருகே, 72 ஏக்கர் நிலத்தில் மௌண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் உருவாயிற்று. அமெரிக்காவில் இவ்வகைத் தோட்டங்களுக்கு அதுவே முதலாகும்.

இத்தோட்டங்களின் அமைப்பைச் சிறிது கவனிப்போம். குன்றையும் பள்ளத்தையும் சமனாக்காமல் இயற்கை அமைந்தவாறே விட்டனர். பாதைகளை நேர்கோடாக வகுக்காமல் நிலத்தின் போக்குக்கு ஏற்ப வளைத்து வளைத்து அமைத்தனர். ஒவ்வொரு குடும்பமும் தனக்கெனச் சிறு மனை ஒன்றை விலைக்கு வாங்கியது. அந்த மனையில் தலைமுறை தலைமுறையாக அக்குடும்பத்தார் அடக்கம் செய்யப்பட்டனர். மீண்டும் தோண்டுவார்களோ என்னும் அச்சம் அங்கே இல்லை. மரங்களும் பூச்செடிகளும் நீர்நிலைகளும் சூழ்ந்தமையால் இறந்தோரை நினைந்து வருந்துவோர் ஆறுதல் பெற்றனர்; காலாற நடந்து இன்புற வருவோரும் பெருகினர். பொதுப் பூங்கா என்று சொல்லத்தக்கவை அந்நாட்டு நகரங்களில் அக்காலத்தில் மிக அரிது. எனவே விடுமுறை நாள்களில் மக்கள் கூட்டங்கூட்டமாகக் கல்லறைத் தோட்டங்களுக்கே சென்றனர்.

மௌண்ட் ஆபர்ன் காட்டிய வழியைப் பிற ஊர்கள் பின்பற்றின. 1836இல் பிலடெல்பியாவில் லாரல் ஹில் தோட்டமும், 1838இல் புரூக்ளினில் கிரீன்வுட் தோட்டமும் தோன்றின. அதே 1838ஆம் ஆண்டில்தான் வூஸ்டர் மக்களும் தங்கள் தோட்டத்தை அமைத்தனர்.

வூஸ்டர் அன்று வளர்ந்துவந்த ஊர். 1828இல் பிளாக்ஸ்டன் கால்வாய் திறக்கப்பட்டது. 1835இல் பாஸ்டனிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. தொழிற்சாலைகள் எழுந்தன. 1848இல் அவ்வூர் நகராட்சி பெற்றது. இவ்வாறு ஊர் விரியும்போது நடுவில் இருந்த பழைய இடுகாடுகளுக்கு இடமில்லாமற் போகும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த பெரியோர் சிலர் இருந்தனர். டேனியல் வால்டோ என்னும் செல்வர் புதிய தோட்டத்துக்கு நிலம் அளித்தார். 1838ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள், லெவி லிங்கன் என்பார் உரையாற்ற, தோட்டம் முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. இந்த லெவி லிங்கன் 1825 முதல் 1834 வரை மாசசூசெட்ஸ் மாநில ஆளுநராக இருந்தவர். பிற்காலத்தில் வூஸ்டர் நகரின் முதல் மேயராகவும் விளங்கியவர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1868இல் அவர் மறைந்தபோது, தாம் அர்ப்பணித்த தோட்டத்திலேயே துயில் கொண்டார். அன்று ஊர்ப்புறமாய் இருந்த அந்த இடத்தை நகரம் பின்னர் எல்லாப் பக்கங்களிலும் சூழ்ந்து கொண்டது. 'நாட்டுப்புறம்' என்னும் பெயர் மட்டும் பழமைக்குச் சான்றாக நிற்கிறது.

இனி அங்கே துயில்வோர் சிலரைக் காண்போம்.

முதலாமவர் ஐசையா தாமஸ். 1749இல் வறிய குடும்பத்திற் பிறந்த இவர், ஆறு வயதிலேயே ஓர் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தவர். 1770இல் பாஸ்டனில் 'மாசசூசெட்ஸ் ஸ்பை' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து அஞ்சாமல் எழுதியமையால் ஆட்சியாளரின் பகைக்கு ஆளானார். 1775ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், விடுதலைப் போரின் முதற் சண்டை மூளுவதற்குச் சில நாள்களுக்கு முன், தம் அச்சுப் பொறியை இரவோடிரவாக ஆற்றைக் கடத்தி வூஸ்டருக்குக் கொண்டுவந்தார். நாட்டின் பழைய நூல்களையும் செய்தித்தாள்களையும் காப்பதற்காக 1812இல் அமெரிக்கத் தொல்பொருட் கழகத்தை இவ்வூரில் நிறுவியவரும் இவரே. 1831இல் இவர் மறைந்தபோது புதிய தோட்டம் தோன்றியிருக்கவில்லை. ஊர் நடுவே இருந்த பழைய இடுகாட்டில் அடக்கம் செய்தனர். நகரம் வளர்ந்து அந்த இடுகாட்டை விழுங்கவே, 1878இல் இவருடைய உடலின் எச்சங்கள் இத்தோட்டத்திற்கு மாற்றப்பட்டன. முன்னோர் அஞ்சியது வீண் அச்சமன்று என்பதற்கு இவர் கல்லறையே சான்று.

இரண்டாமவர் ஜார்ஜ் பான்கிராஃப்ட். 1800இல் வூஸ்டரில் பிறந்தவர். ஹார்வர்டிலும், பின்னர் ஜெர்மனியிலும் கற்றவர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரலாற்றைப் பல பெருந்தொகுதிகளாக எழுதி வெளியிட்டவர். அதன் முதல் தொகுதி 1834இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி வெளிவந்ததோ 1874இல். இடையே கடற்படை அமைச்சராகப் பணியாற்றிய காலத்தில், 1845இல், அனாபொலிஸ் நகரில் கடற்படைக் கல்லூரியைத் தோற்றுவித்தார். 1891இல் தலைநகரான வாஷிங்டனில் உயிர் நீத்த இவரைப் பிறந்த ஊருக்கே கொணர்ந்து அடக்கம் செய்தனர்.

அடுத்து நாம் காணவிருப்பவர் உடன்பிறந்தார் இருவர். வூஸ்டரை அடுத்த கிரீன் ஹில் என்னும் பண்ணையில் பிறந்தவர்கள். மூத்தவர் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன். பிறந்த ஆண்டு 1820. இளையவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். பிறந்த ஆண்டு 1822. இருவரும் சிறுவராய் இருந்தபோதே அவர்கள் ஊரில் இக்கல்லறைத் தோட்டம் தோன்றியது.

மூத்தவர் நியூயார்க் சென்று வழக்கறிஞரானார். அக்காலத்தில் ஆண்ட்ரூ ஜாக்ஸன் டௌனிங் என்னும் தோட்டக்கலை அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டியிருந்தார். மக்கள் பொழுதுபோக்கக் கல்லறைத் தோட்டங்களை நாடிச் செல்கிறார்கள் என்றால், உயிரோடிருப்பவர்களுக்கும் பெரிய தோட்டங்கள் வேண்டும் என்பதுதானே பொருள் என்று 1849இல் அவர் எழுதினார். இக்கருத்து வலுப்பெற்று நியூயார்க் நகர் நடுவே 'சென்ட்ரல் பார்க்' என்னும் பெரும் பூங்காவாக வடிவெடுத்தது. அதை உருவாக்க 1857இல் ஏற்பட்ட குழுவில் ஆண்ட்ரூ கிரீன் முதன்மையான இடம் பெற்றார். 1871இல், நகரின் கருவூலத்தை ஒரு கூட்டத்தார் கொள்ளையடித்துச் சீரழித்த ஊழல் வெளிப்பட்டபோது, நிதிப் பொறுப்பை ஏற்றுக் கணக்கைச் சீர்படுத்தியவரும் இவரே. மன்ஹாட்டன், புரூக்ளின் முதலிய பகுதிகளை ஒரே நகராக இணைக்க வேண்டும் என்று முப்பதாண்டுகள் வாதாடினார். 1898இல் அவ்வாறே இணைப்பு நிகழ்ந்தது. 1903ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், 83 வயது முதியவராகிய அவரை, வேறொருவர் என்று பிழைபட எண்ணிய ஒருவன் அவருடைய வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொன்றான். அவர் உடல் இத்தோட்டத்திற்கு வந்து சேர்ந்தது.

இளையவராகிய சாமுவேல் கிரீன் சென்றது வேறு வழி. 1845இல் நியூயார்க்கில் மருத்துவக் கல்வி முடித்தார். பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம், 1816 முதல் யாழ்ப்பாணத்தில் கிறிஸ்தவ சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றி வந்தது. அச்சங்கத்தின் மருத்துவராகச் சாமுவேல் கிரீன் 1847இல் கப்பலேறி, அவ்வாண்டிலேயே யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது 25. அடுத்த ஆண்டில் மானிப்பாய் என்னும் ஊரில் மருத்துவமனை அமைத்தார். இளைஞர் சிலரைச் சேர்த்து மேல்நாட்டு மருத்துவம் கற்பிக்கலானார். 1857இல் தாயகம் சென்று, 1862இல் மீண்டும் வந்து, 1873 வரை தொண்டாற்றினார். அவரிடம் மருத்துவம் பயின்று தேறியோர் 60 பேருக்கு மேற்பட்டவர்.

முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அவ்வாறு கற்றவர் பலர் நல்ல ஊதியம் தேடி நகரங்களுக்கும் அரசாங்க வேலைகளுக்கும் சென்றனர். கிராமங்களில் நோயுற்றோரின் நிலை மாறவில்லை. இதைக் கண்ட கிரீன் 1864இல் ஒரு துணிந்த முடிவு செய்தார்: மருத்துவக் கல்வி முழுவதையும் தமிழிலேயே நடத்துவது என்பதே அம்முடிவு. தாமும் தமிழை ஆழ்ந்து கற்றார். மாணவர்களின் துணையோடு மருத்துவப் பெருநூல்களைத் தமிழாக்கினார். வேறு சில அவருடைய மேற்பார்வையில் மாணவர்களால் தமிழாக்கப்பட்டன.

உடற்கூறு, உடலியல், நலவழி ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் நூலுக்கு 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்று பெயர் சூட்டினார். அறுவை மருத்துவம் பற்றிய 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. கிரே என்பார் எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது 1858இல். பதினான்கே ஆண்டுகளில், 1872இல், அது 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரோடு தமிழ் மாணவர் கைக்கு வந்துவிட்டது. வேதியியல் நூலாகிய 'கெமிஸ்தம்' 1875இல் வெளியாயிற்று. தமிழில் ஏற்ற சொல் உண்டா என்று முதலில் தேடுதல். இல்லையேல் வடமொழியில் ஆக்கிக் கொள்ளுதல். அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு ஏற்பத் திரித்து வழங்குதல்: இதுவே அவர் கொண்ட முறை. அவர் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. 'அங்காதிபாதம்' என்பதை நாம் உடற்கூற்றியல் என்கிறோம். 'கெமிஸ்தம்' வேதியியல் ஆயிற்று. ஆயினும் இத்தகைய சொல்லாக்கத்தில் இறங்குவோர் எதிர்கொள்ளும் வினாக்கள் அவர் எதிர்கொண்ட அதே வினாக்களே.

ஒன்றை இங்கே மறைக்காமற் சொல்ல வேண்டும். கிரீன் சமயம் பரப்ப வந்தவர். நோய் தீர்ப்பதையும் தம் சமயப் பணியின் ஒரு பகுதியாகவே கருதினார். அதே 1822ஆம் ஆண்டில், அதே யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்தவர் ஆறுமுக நாவலர். அவர் மிஷனரிமாரின் சமயப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவ சமயத்தைக் காக்க அச்சகமும் பள்ளிகளும் நிறுவியவர். கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் திசையினர். ஆனால் ஒருவர் சமய உரைநடைக்கும், மற்றவர் மருத்துவ உரைநடைக்கும் தமிழைக் கருவியாக்கினர். செய்யுள் வடிவிலேயே பெரும்பாலும் நூல் இயற்றிய ஒரு மொழி, நரம்பையும் நாளத்தையும் பற்றித் தெளிந்த உரைநடையிற் பேசப் பழகியது அக்காலத்திலேதான். வரலாற்றைக் கற்கும் மாணவர் இவ்விரண்டையும் ஒருசேரக் காணல் வேண்டும்.

உடல் நலம் குன்றவே, 1873இல் கிரீன் தம் குடும்பத்தோடு தாயகம் திரும்பினார். பிறந்த இடமாகிய கிரீன் ஹில்லில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்தி அனுப்பி வந்தார். உடலியல் நூலாகிய 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் அவர் காலமானார். தம் கல்லறையில் என்ன எழுத வேண்டும் என்று அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தார். எளிய கல் ஒன்று போதும். அதில் தம் பெயரும், வாழ்ந்த ஆண்டுகளும், தமிழர்களிடையே மருத்துவ நற்செய்திப் பணி புரிந்தவர் என்னும் குறிப்பும், தம் இறைப்பற்றைக் கூறும் ஒரு சிறு தொடரும் இருந்தாற் போதும் என்பதே அவர் விருப்பம். அவ்வாறே செய்தனர். அவருடைய பட்டமோ நூற்பட்டியலோ அக்கல்லில் இடம்பெறவில்லை.

அவர் எண்ணியது முழுவதும் நிறைவேறியதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூற வேண்டும். 1870இல் கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தோன்றியது. அங்கே ஆங்கிலமே பயிற்றுமொழி. பதவியும் ஊதியமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. கிரீன் சென்ற பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. அவருடைய நூல்களும் நாளடைவில் கிடைத்தற்கு அரியனவாயின. எனினும் தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலுமா என்னும் கேள்விக்கு, வகுப்பு நடத்தியும் நூல் அச்சிட்டும் அவர் விடை அளித்துவிட்டார். தடை மொழியின் குறையால் ஏற்பட்டதன்று என்பதை அந்நூல்கள் இன்றும் எடுத்துரைக்கின்றன. மானிப்பாயில் அவர் நட்ட மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் பிறந்து மறைந்த கிரீன் ஹில் பண்ணையை 1905இல் அவர் குடும்பத்தார் வூஸ்டர் நகருக்கு வழங்கினர். அது இப்போது பொதுமக்கள் உலாவும் பூங்கா.

மாணவ நண்பர்களே, கல்லறைத் தோட்டம் ஒன்றைச் சுற்றி வந்தோம். அங்கே துயில்வோரில் அண்ணன் அமைத்த பூங்காவையும் இணைத்த மாநகரையும் உலகம் அறியும். தம்பியின் பெயரை அவருடைய நாட்டில் அறிந்தவர் சிலரே. ஆனால் தம் வாழ்நாளைக் குறிக்க அவர் தேர்ந்தெடுத்த ஒரு வரியில் நம் மக்களின் பெயரை வைத்தார். அந்த வரியைப் படித்துப் பொருள் காணும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு. உங்கள் ஊரின் பழைய நூலகத்தில் புழுதி படிந்த தமிழ் மருத்துவ நூல் ஒன்று கண்ணிற் பட்டால், அதைக் கையிலெடுத்து இரண்டொரு பக்கமேனும் படித்துப் பாருங்கள். ஒரு கடினமான அறிவைத் தமிழில் சொல்வதற்கு மனிதர்கள் எத்துணை உழைத்தார்கள் என்பது அப்போது விளங்கும்.